வீட்டில் நிற்கும் இரண்டு கார்கள்

தம்பி,

போன கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் கதையை உன் கலியாணப் பக்கம் திருப்பிவிட்டேன். நீயும் கவனித்திருப்பாய். "அப்பாவின்ரை சிவப்புக் காரை நான் வவுனியாவுக்குக் கொண்டுபோறன் அம்மா. என்ரை வெள்ளைக் காரை நீங்கள் வைச்சிருங்கோ. அதை நம்பி ஓடலாம்" என்றாய். மண்டபம், மேளம், தர்சினி வீட்டார் வந்து இறங்கும் நேரம் என்று எதையெதையோ சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு இரண்டு வார்த்தையில் பதில் இல்லை. இரண்டு கார்களையும் இத்தனை வருடமாக ஓட்டியும் கழுவியும், கராச் வாசலில் வெயிலில் காத்திருந்தும் பார்த்தவள் நான். எதை நம்பி ஓடலாம் என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதோடு, உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விசயமும் உண்டு. ஆகவேதான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

சிவப்புக் கார் வந்தபோது நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். சண்டை முடிந்து பாதை திறந்து, இந்தியாவில் செய்த சின்னக் கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த காலம். அதுவரை சைக்கிளையும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் தவிர வேறொன்றும் ஓட்டியிராத உன் அப்பா, வெங்காயம் நல்ல விலைக்குப் போன ஒரு போகத்துக்குப் பிறகு அதை வாங்கி வந்தார். வாங்கிய மறுநாளே பின் ஆசனத்தை மடித்துவிட்டு, வெங்காய மூட்டைகளை அடுக்கி மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோனார். "புதுக் காரப்பா இது" என்று நான் சொன்னதற்கு, "புதுசெண்டாப் பாரம் ஏத்தக் கூடாதோ?" என்று கேட்டார். அந்தக் காரின் வாசம் அன்று பிடித்தது, இன்றும் போகவில்லை. நீ நண்பர்களை ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போகும்போது கண்ணாடிகளை முழுக்கத் திறந்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும்.

எனக்குக் கார் பழக்கியவரும் அப்பாதான், அந்தக் காரில்தான். பள்ளிக்கூட மைதானத்தில் பின்னேரங்களில் போய்ச் சுற்றுவோம். சங்கக்கடையில் முகாமையாளராக வேலை செய்த எனக்கு, வேலி ஓரத்தில் நின்று ஆட்கள் பார்ப்பது பெரிய கூச்சமாக இருந்தது. "ஆக்கள் பாத்தாப் பாக்கட்டும். நீர் ரோட்டைப் பாரும்" என்பார். உரிமம் எடுத்த பிறகு சந்தைக்குப் போவது அவர், உன்னை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவது நான் என்று ஆனது. ஆகவே அந்தக் கார் எங்கெங்கே வருத்தம் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும்.

அது நிறையவே வருத்தம் சொன்னது. அப்பா இல்லாத இந்த நேரத்தில் அதைப் பற்றிப் பொய்யாகப் புகழ நான் விரும்பவில்லை. குண்டும் குழியுமான தோட்டப் பாதைகளில் பாரத்தோடு ஓடி, முன் சில்லுகளின் குலுக்கலைத் தாங்கும் புஷ்கள் திரும்பத் திரும்பத் தேய்ந்தன. சைலன்சர் உப்புக் காற்றில் இத்துப்போய் விழுந்தது. வல்வெட்டித்துறை மாமி வீட்டு மதிலோரம் அது விழுந்த சத்தத்தில் மாமி பயந்து வெளியே ஓடிவந்ததை நீயும் பார்த்தாய். தண்ணீர்க் குழாய் வெடித்தது. கண்ணாடி ஏற்றும் பிடி கையோடு வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மருதனார்மடத்தில் தவம் மாமாவின் கராச்சுக்குக் கொண்டுபோனால் பின்னேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். சாமான் பக்கத்துக் கடையிலேயே இருக்கும். பிழை விடுவதில் சுறுசுறுப்பான கார், திருந்துவதிலும் அப்படித்தான்.

வெள்ளைக் கார் வேறு சாதி. கொழும்பில் வேலை கிடைத்ததும் நீ உன் உழைப்பில் வாங்கியது. யப்பானில் ஓடி, அங்கேயிருந்து இறக்குமதியாகி, பெற்றோலும் பற்றறியும் சேர்ந்து ஓடுகிற கார். கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது அதை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இனி இதை ஓடுங்கோ, அந்தப் பழசை வித்துப்போடுங்கோ" என்று திறப்பை அப்பாவின் கையில் கொடுத்தாய். நீ போன பிறகு அந்தத் திறப்பை அப்பா சுவாமி அறை அலுமாரியில் வைத்தார். காருக்கு ஒரு உறை வாங்கிப் போர்த்தினார். வெள்ளிக்கிழமைகளில் உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மூடுவார். நல்லூர்த் தேருக்கும் நெருங்கிய சொந்தத்தில் கலியாணத்துக்கும் மட்டும்தான் எடுப்பார். அதிலும் செருப்பைக் கழற்றித் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். "தம்பியின்ரை கார்" என்றுதான் அவர் வாயில் வரும். நானும் அப்படித்தான் சொன்னேன். யாராவது வந்து கேட்டால், இத்தனை காலத்தில் ஒரு ஆணி கழன்றதில்லை என்று பெருமையாகச் சொல்வோம். அது உண்மைதான். ஓடாத காரில் ஆணி எப்படிக் கழலும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பெற்றோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற அந்த வருடம். அப்பா விடியவே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, முகம் கழுவப் போனவர் தண்ணீர்த் தொட்டியின் கட்டிலேயே குந்திவிட்டார். நான் தேத்தண்ணீரோடு போனபோது அவருடைய சட்டை முழுக்க வேர்வை. இறைப்பு வேர்வை அல்ல என்று பார்த்த உடனே தெரிந்தது. "நெஞ்சுக்குள்ளை ஒரு பாரமாக் கிடக்கு. கொஞ்சம் இருந்தாச் சரிவரும்" என்றார். இடது கையைத் தடவிக்கொண்டே சொன்னார். அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். இருக்கிற ஒரே வண்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். முன்வீட்டு ஓட்டோ பெற்றோல் இல்லாமல் நின்றது.

நான் முதலில் எடுக்கப் போனது உன் காரைத்தான். இதை நீ தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அது ஓடாமல் நின்றதால் அதில்தான் பெற்றோல் இருந்தது. குலுக்காமல் போகும் என்றும் நினைத்தேன். சுவாமி அறைக்கு ஓடித் திறப்பை எடுத்து, உறையை இழுத்துப்போட்டு, பொத்தானை அமத்தினேன். கதவு திறக்கவில்லை. திறப்புக்குள்ளே ஒளித்திருக்கும் சின்னச் சாவியை இழுத்து எடுத்துக் கையால் திறந்து உள்ளே ஏறினேன். ஒரு விளக்கும் எரியவில்லை. பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அப்பா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். "அதை விடும். மற்றதை எடும்" என்றார்.

சிவப்புக் காரில் பெற்றோல் முள்ளு அடியில் கிடந்தது. ஆனால் திறப்பைத் திருப்பிய உடனே ஸ்ராட் ஆனது. அப்பாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிப் பக்கம் விட்டேன். தாவடியில் ஒரு லொறி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. நிற்பாட்டினேன். லொறி விலகியதும் எடுக்க வெளிக்கிட்டுக் கிளச்சை மிதித்தேன். கால் அடிவரை போய்விட்டது. மிதிக்கு உயிர் இல்லை. கேபிள் அறுந்துவிட்டது.

அந்தக் கேபிள் திடீரென்று அறுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்திய சில கிழமைகளாக மிதி கடினமாக இருந்தது. நான் சொன்னேன். "உம்மடை முழங்காலுக்குத்தான் எண்ணெய் விடவேணும்" என்று அப்பா பகிடி விட்டார். தவம் மாமாவும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "இது திருவிழா வரைக்கும் தாங்கும் அக்கா" என்றார். வேலை தெரிந்த இரண்டு ஆம்பிளைகள் சொல்லும்போது நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

தாவடியில் அன்று, கிளச் இல்லாமல் கியரைப் போடப் போக இயந்திரம் நின்றுவிட்டது. பின்னால் நின்ற வாகனங்கள் கோன் அடித்தன. இறங்கி யாரையாவது கூப்பிடலாம் என்று கதவைத் திறந்தேன். அப்பா என் தோளைத் தொட்டார்.

"இறங்காதையும். முதலாம் கியரிலை போட்டிட்டுத் திறப்பைத் திருப்பும்."

"கிளச் இல்லையப்பா."

"வேண்டாம். கியரிலை கிடக்கட்டும். அப்பிடியே திருப்பும். இழுக்கும்."

திருப்பினேன். கார் விக்கல் எடுத்ததுபோல் துள்ளித் துள்ளி நகர்ந்து, பிறகு இயந்திரம் பற்றிக்கொண்டது. கொஞ்சம் வேகம் வந்ததும் அப்பா தன் வலது கையைத் தூக்கிக் கியர்ப் பிடியில் இருந்த என் கைக்கு மேல் வைத்தார். அந்தக் கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. "காலைக் கொஞ்சம் எடும்... இப்ப" என்றார். அவர் தள்ள, இரண்டாம் கியர் ஒரு சின்ன உறுமலோடு விழுந்தது. "இனி நிப்பாட்டாதையும்" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தாவடியிலிருந்து ஆசுபத்திரி வரைக்கும் நான் நிற்பாட்டவில்லை. கோனில் வைத்த கையை எடுக்கவில்லை. கொக்குவிலில் பெற்றோல் வரிசையில் நின்ற பெடியன்கள் என்னைப் பார்த்து முதலில் ஏசினார்கள், பிறகு உள்ளே அப்பாவைப் பார்த்துவிட்டு முன்னால் ஓடி வழி விலக்கினார்கள். ஆசுபத்திரி வாசலில் பிறேக்கை மிதித்து, கார் துடித்து நின்றதும்தான் நான் அழுதேன். அதற்குள் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்விட்டார்கள். பிந்தவில்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று அங்கே இருந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னாள்.

உனக்கு நாங்கள் சொன்னது என்ன? அப்பாவுக்கு நெஞ்சு நோ, இப்போது பரவாயில்லை, வழியில் கார் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நீ அங்கேயிருந்து கத்தினாய். "அந்தப் பழசை ஏன் எடுத்தனீங்கள்? என்ரை கார் சும்மா நிக்குதுதானே? அப்பாவுக்கு ஏதும் நடந்திருந்தா?" என்றாய். பயத்தில் கத்தினாய் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். கட்டிலில் கிடந்த அப்பா கையை ஆட்டி வேண்டாம் என்றார். தொலைபேசியை வைத்த பிறகு, "பிள்ளை ஆசையா விட்டிட்டுப் போன கார். தூரத்திலை இருக்கிறவன். அதை நினைச்சு நினைச்சு அவனுக்கு நித்திரை வராது. ஏச்சை நாங்கள் வாங்குவம்" என்றார். அவர் இருக்கும்வரை அந்தச் சொல்லை நான் மீறவில்லை. இப்போது அவர் இல்லை. நீயும் கட்டாரை விட்டு வவுனியாவுக்கு வேலைக்கு வரப்போகிறாய், இனித் தூரத்தில் இருக்கப் போவதில்லை. நம்பி ஓடலாம் என்று நீ ஒரு காரை எனக்குத் தந்து, மற்றதை நீ எடுக்கப் போகிறாய் என்றால், நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளைக் காரில் அன்று பழுதென்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஓட வைக்கும் பெரிய பற்றறி அல்ல. விளக்கையும் பூட்டையும் இயக்கும் சின்னப் பற்றறிதான் இறந்திருந்தது. ஓட்டாமல் வைத்தால் அது மெல்ல மெல்ல வடிந்துவிடுமாம். கிழமைக்கு இரண்டு முறை சந்தைக்குப் போய் வந்திருந்தால் அன்று அது ஸ்ராட் ஆகியிருக்கும். நீ வாங்கிய காரில் பிழையில்லை, தம்பி. பிழை நாங்கள் அதற்குக் கொடுத்த மரியாதையில்.

ஆசுபத்திரியால் வந்து நடமாடத் தொடங்கியதும் அப்பா செய்த முதல் வேலை, அந்த உறையைக் கொண்டுபோய் வெங்காயம் காய விரித்ததுதான். புதுப் பற்றறி போட்டு, வெள்ளைக் காரையும் அன்றாடம் எடுக்கத் தொடங்கினோம். அவர் ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் இருந்தார். சந்தையில் பொத்தானை அமத்தி எடுத்தால் சத்தமே கேட்காது. "இது ஓடுதோ நிக்குதோ எண்டு தெரியேல்லை" என்று குறை சொல்வார். கொஞ்ச நாளில் அந்த அமைதி அவருக்குப் பிடித்துவிட்டது. கிளினிக்குக்குப் போய்வரும்போது கோண்டாவில் தாண்டுவதற்குள் நித்திரையாகிவிடுவார். சிவப்புக் காரில் அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. அதில் ஒரு காது எப்போதும் இயந்திரத்தில் இருக்கும்.

பிறகு உன் காரும் உண்மையாகவே பிழை விட்டது. வல்வெட்டித்துறைக்கு மாமியைப் பார்க்கப் போகும்போது காருக்குள் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, மாடு போகிற வேகத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தவம் மாமா முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ரை வேலையில்லை அக்கா. கம்பியூட்டர் பூட்டிப் பாக்கவேணும்" என்று மூடிவிட்டார். யாழ்ப்பாணம் ரவுணில் அதற்கென்று இருக்கிற இடத்துக்குக் கட்டி இழுத்துக் கொண்டுபோனோம். பின் ஆசனத்துக்குக் கீழே பெரிய பற்றறிக்குக் காற்றுக் கொடுக்கும் விசிறி இருக்கிறதாம். அதைக் கழற்றி எங்கள் முன்னால் தட்டினார்கள். செம்மண் தூசியும் வெங்காயத் தோலும் கொட்டியது. "எங்கடை வேலைதான்" என்று அப்பா சிரித்தார். சிரிக்கத் தொடங்கியவர் இருமல் வரும்வரை நிற்பாட்டவில்லை. காற்றில்லாமல் சூடேறிக் கெட்டுப்போன பற்றறிப் பகுதிகளை மட்டும் மாற்றலாம் என்றார்கள். ஆனால் இறக்குமதிக்குத் தடை இருந்த காலம். சாமான் வர மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்த மாதங்களில் எங்களை ஏற்றி இறக்கியது சிவப்புக் கார்தான். திருந்தி வந்த பிறகு வெள்ளைக் கார் இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. அப்பா கடைசியாகக் கிளினிக்குக்குப் போனதும் அதில்தான். திரும்பி வரும்போது நல்ல நித்திரை. வாசலில் நிற்பாட்டிவிட்டு எழுப்ப மனம் வராமல், குளிரூட்டியை ஓடவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். பதினைந்தாம் நாளோ என்னவோ, வீட்டில், அதே மாதிரி நித்திரையில் போய்விட்டார்.

எது நல்ல கார் என்று இப்போது நீ கேட்டால், என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அன்று அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சிவப்பு. ஆனால் வழியில் அறுந்ததும் அதுதான். வெள்ளை வருடக்கணக்கில் ஒன்றும் கேட்காது. கேட்கும்போது ஊரில் இல்லாத ஒன்றைக் கேட்கும். நீயும் தர்சினியும் வவுனியாவில் ஒரு கார் வாங்கத்தான் போகிறீர்கள். வாங்குவதற்கு முன்னால் அதைத் திருத்துகிற ஆள் எங்கே இருக்கிறான் என்று போய்ப் பார். அவன் வேலை செய்கிற விதத்தைப் பார். தர்சினிப் பிள்ளையை ஓட்டப் பழக்கு. பக்கத்தில் இருந்து குறை சொல்லிக்கொண்டிருக்காதே. மிதி கடினமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் பகிடி விடாமல் அன்றைக்கே போய்ப் பார். இது காருக்கு மட்டும் சொல்வதல்ல என்று உனக்கு விளங்கும், நீட்டவில்லை. நல்ல சாமானை நல்ல நாளுக்கென்று மூடி வைக்காதே. நாங்கள் வைத்தோம்.

அப்பாவின் காரை நீ ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. அவர் போன பிறகு வந்து நின்ற நாட்களில் நீ இரண்டொரு முறை அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததைக் குசினி யன்னலால் பார்த்தேன். நீ அதை வவுனியாவுக்குக் கொண்டுபோனால் ஓட்ட மாட்டாய், மகன். உனக்கு வேலைக்குப் போக அது சரிவராது. நீ ஒரு உறை வாங்குவாய். அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே சிவப்புக் காரை நான் கொடுக்கப் போகிறேன். இதை உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். என் முழங்கால் இனிக் கிளச் மிதிக்காது. ஏழாலையில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற கௌரி என்ற பிள்ளை வந்து பார்த்தாள். புருசன் இல்லை, இரண்டு குழந்தைகள். முட்டையை ஓட்டோவில் ஏற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். காரில் உள்ள குறை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முட்டை உடையாதோ அன்ரி?" என்றாள். "புஷ் எல்லாம் புதுசு, பிள்ளை. ஆனா ஆறுதலா ஓடவேணும்" என்றேன். ஓட்டிப் பார்க்கச் சொல்லித் திறப்பைக் கொடுத்துவிட்டு, அப்பா இருக்கும் பக்கத்தில் நான் ஏறினேன். மருதனார்மடம் சந்தியில் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிட்ட அவளுக்குக் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் கோன் அடித்தான். அவளுடைய முகம் எல்லாம் வேர்த்துவிட்டது.

"அவன் அடிக்கட்டும். நீர் ரோட்டைப் பாரும்" என்றேன். என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் திறப்பைத் திருப்பினாள். கார் ஸ்ராட் ஆனது. அடுத்த கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறாள். அதற்குமுன் உனக்குக் கோபம் வந்தால் தொலைபேசி எடு, ஏசு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் கார் போகும்.

வெள்ளைக் காரை வைத்திருங்கோ என்று நீ சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் நான் அதைப் பார்த்துக்கொள்பவளாகத்தான் இருந்தேன். ஆக்களுக்குச் சொல்லும்போதும் தம்பியின்ரை கார் என்றே சொன்னேன். இப்போது வெட்கப்படாமல் கேட்கிறேன்: அதை எனக்குத் தா. நான் தனியாக இருக்கிறேன். கோயிலுக்குப் போக வேண்டும், தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தாலும் போய்ப் பார்க்க வேண்டும், மாமி வீட்டுக்குப் போக வேண்டும். ஓட்டுவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

கொழும்பில் வந்து இறங்கினால் வாடகைக்கு வான் பிடித்து மினக்கெடாதே. காலை ரயிலில் ஏறிக் கோண்டாவிலில் இறங்கு. நான் என்ரை காரில் வந்து உன்னை ஏத்திறன்.

அம்மா